அஞ்சாவது தட்டு

கார்த்திகை 4, செவ்வாய் (1996)

விடிந்ததிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. கூடத்தில் கொடி கட்டி ஈரத்துணிக்குக் கீழே உட்கார்ந்து தாள் வெட்டினேன். படம் வரைகிற கெட்டித் தாள், ஆறு. பாதியாக வெட்டினால் பன்னிரண்டு. கோணல் இல்லை.

கயலுக்குப் புத்தகம். என் மகன் கதிரேசன் வயிற்றுப் பேத்தி. தையில் ஆறு வயது முடியும். திண்டுக்கல்லில் அவள் அம்மா சாந்தியோடு, சாந்தியின் அப்பா வீட்டில் இருக்கிறாள். கதிரேசன் போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. மஞ்சள் காமாலை. கருமாதி முடிந்த வாரமே சாந்தியின் அப்பா வந்து இரண்டு பேரையும் கூட்டிப் போனார். அன்றைக்கு வாசலில் நின்று நான் சொன்ன வார்த்தையை இதில் எழுத மாட்டேன். அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவர்கள் வரவில்லை.

பிள்ளை என்னை மறக்கக் கூடாது. அவ்வளவுதான். மூன்றரை வயதில் போனது. அந்த வயதில் நடந்தது எனக்கு ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை. அதனால்தான் புத்தகம்.

நூலகப் பலகைக்கு இந்த வாரப் பாட்டு கொடுத்தாயிற்று. நூலகர் ரெஜினா அம்மா மூன்று வருடமாக வாரம் ஒன்று என்னிடம் வாங்கி வாசல் கரும்பலகையில் எழுதுகிறார். நம்பிக்கைப் பாட்டுத்தான் வேண்டும் அவருக்கு. கீழே 'வள்ளிக்கண்ணு அம்மாள்' என்று பெயர். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் பெயர் அரசாங்கக் கட்டடத்து வாசலில். இந்தத் தெருவில் வேறு யாருக்கு உண்டு. இன்று கொடுத்தது:

இலை விழுந்ததென்று
மரம் அழுவதில்லை.
அடுத்த இலைக்கு இடம் என்று நிற்கும்.
நீயும் நில்.

எழுத அஞ்சு நிமிஷம் ஆகவில்லை. வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி வருகிறது. ஊருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

கார்த்திகை 6, வியாழன்

மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. மாவு அரைக்கப் போகவில்லை. ரவை உப்புமா. வீட்டுக்காரர் முகம் சுளித்துக்கொண்டே இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

ரெஜினா அம்மா மாதிரிக்குக் கொடுத்த ரஷ்யப் படப்புத்தகங்கள் நாலும் பார்த்து முடித்தேன். தாள் என்ன வழவழப்பு. பக்கம் பூராவும் படம், ஓரத்தில் மூன்று வரி எழுத்து. பனி, கரடி, ஊசி மாதிரி இலை வைத்த மரம். கரடி கூடக் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் பிள்ளைக்குக் கரடி எதற்கு. அவளுக்கு வாசல் வேம்பு, கண்மாய்க் கொக்கு, ஓட்டில் விழுகிற மழை போதும். எழுத்து கொஞ்சம், படம் நிறைய. இதைத்தான் பிடித்துக்கொண்டேன்.

முதல் பக்கம் வேம்பு. கோலம் போட்ட கை, கோடு நடுங்கவில்லை. கயல் விட்டுப்போன மெழுகு வண்ணக்குச்சிகள் ஏழு இருந்தன. பச்சை பாதிதான்.

வேம்பு, வேம்பு, எங்க வேம்பு,
வாசலில் நிற்கிற பச்சைக் குடை!
காக்கா வந்தால் அதுக்கும் இடம்,
கயலு வந்தால் அவளுக்கும் இடம்!

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, முட்டைக்கோசா?"

"வேம்பு."

"அப்ப வேம்புன்னு பெருசா எழுதிப் போடு. பிள்ளை முட்டைக்கோசு திங்காது, அழுகும்."

"பாட்டைப் படிச்சுப் பாருங்க. அதுலயே இருக்கு."

"எனக்குக் கண்ணாடி எங்கன்னு தெரியலை" என்று போய்விட்டார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது. முப்பத்தோரு வருடம் பஸ்ஸில் செக்கராக இருந்தவர். ஊரில் உள்ளவன் டிக்கெட்டை எல்லாம் படித்தவருக்கு என் பாட்டைப் படிக்கக் கண்ணாடி கிடைக்கவில்லை. 'கயலு வந்தால்' என்பதைப் பார்த்துவிட்டார், அதுதான்.

கார்த்திகை 7, வெள்ளி

இன்று வெயில். துணி காய்ந்தது. கொக்கு முடிந்தது. மழைப் பக்கம் முடிந்தது. நீலக்குச்சி தீர்ந்தது.

கடைசிப் பக்கம் குடும்பம். காலையில் இருந்து சாயங்காலம் வரை அது ஒன்றுதான். தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அய்யா, அப்பத்தா, அப்பா, அம்மா, கயல். அஞ்சு தட்டு. கதிரேசனுக்குக் கோடு போட்ட சட்டை. மீசை கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது. அழிக்க மனசில்லை. அவனை வரைந்து முடித்ததும் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம் போல இருந்தது.

அய்யா ஒண்ணு, அப்பத்தா ரெண்டு,
அப்பா மூணு, அம்மா நாலு,
கயலு வந்தா அஞ்சாச்சு,
கதவைச் சாத்து, மழையாச்சு!

இது நல்ல பாட்டு. பலகையில் எழுதுகிற பாட்டு எல்லாம் இதற்குக் கால் தூசி பெறாது. பிள்ளை விரலை மடக்கி மடக்கிச் சொல்லும்.

வீட்டுக்காரர் (இனி வீ.கா.) இந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு. ஏதோ சொல்ல வாயெடுத்தார். "என்ன?" என்றேன். "ஒண்ணுமில்லை, மீசை" என்றார்.

கார்த்திகை 9, ஞாயிறு

தீபம். வாசலில் பதினோரு விளக்கு. காற்று அணைக்க, ஏற்ற, அணைக்க. பொரி உருண்டை பிடித்தேன், பாகு முறுகிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் உருண்டை வாங்க வந்தவள் நின்றுகொண்டே சொன்னாள். அவள் தம்பி திண்டுக்கல்லில் இருக்கிறான்.

"ஏங்க்கா, ஒங்களுக்குச் சேதி வரலையா? சாந்திக்குத் தையில கல்யாணமாம்ல. திருப்பூராம். மாப்பிள்ளைக்கும் ரெண்டாந்தாரம். ஒரு பையன் இருக்கானாம்."

"வந்துச்சு, வந்துச்சு" என்றேன். வரவில்லை.

"ஒங்களுக்கு ஒண்ணுமில்லையாக்கா?"

"என்ன இருக்கு? அவ சின்னப் பிள்ளை. இருபத்தெட்டு வயசு. கட்டிக்கிட்டு நல்லா இருக்கட்டும்."

"ஒங்களுக்குப் பெரிய மனசுக்கா" என்று இரண்டு உருண்டை கூடுதலாக எடுத்துப் போனாள்.

பொய் சொல்லவில்லை. போன வருடமே இதையேதான் நான் எல்லாரிடமும் சொன்னேன். அவள் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முதலில் சொன்னவளே நான். தெருவில் மற்றப் பொம்பளைகள் வாயைப் பொத்தினார்கள். அப்போதெல்லாம் பெருமையாக இருந்தது. இன்றைக்கு விளக்குக்கு எண்ணெய் விடும்போது கை தரையில் ஊற்றுகிறது.

கயலை எங்கே வைத்துக்கொள்வார்கள்? பாக்கியத்திடம் கேட்க மறந்தேன். மறக்கவில்லை. கேட்கவில்லை.

கார்த்திகை 10, திங்கள்

புத்தகம் அனுப்பியாயிற்று. ரிஜிஸ்தர் தபால். மூன்று இடத்தில் கெட்டி நூலால் தைத்து, முதுகில் பழைய புடவைக் கரையை ஒட்டி, மேலே 'எங்கள் வீடு' என்று எழுதி, கீழே 'கயல்விழிக்கு அப்பத்தா'. தபாலாபீஸ் கிளார்க் வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"நீங்களே வரைஞ்சதாம்மா? அச்சடிச்ச மாதிரி இருக்கே."

"அச்சடிச்சா இப்பிடி இருக்காது" என்றேன்.

போகிற வழியில் தலை நிமிர்ந்துதான் நடந்தேன். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது.

கார்த்திகை 17, திங்கள்

கடிதம் இல்லை.

நூலகத்தில் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தது. பிளஸ் டூ தவறியதாம். "பாட்டி, ஒங்க மரம் பாட்டைப் பாத்துட்டுத்தான் திரும்ப எழுதலாமுன்னு பீஸ் கட்டிட்டேன்" என்றது. கையைப் பிடித்துக்கொண்டது. நானும் "நல்லா எழுது ஆத்தா" என்றேன். ரெஜினா அம்மா கண் கலங்கினார். நான் கலங்கவில்லை. மரம் அழுவதில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? மரத்திடம் கேட்டேனா?

கார்த்திகை 21, வெள்ளி

கடிதம் இல்லை. தபால்காரர் சைக்கிள் எங்கள் வாசலில் மெதுவாகக் கூடப் போவதில்லை.

செய்தது: புளி கொட்டை எடுத்தது. வீ.கா. வேட்டிக்குக் கரை தைத்தது. அரிசி புடைத்தது. மெழுகுக்குச்சிப் பெட்டியைத் துடைத்து மேலே வைத்தது.

தபால் கிடைத்ததற்குக் கையெழுத்துப் போட்ட அட்டை மட்டும் போன வாரமே வந்துவிட்டது. சாந்தி கையெழுத்து. ஆக, புத்தகம் போய்ச் சேர்ந்து பத்து நாளாகிறது. பிள்ளை பார்த்திருக்கும். 'கயலு வந்தால் அவளுக்கும் இடம்' என்று படித்திருக்கும். பதிலாக ஒரு கோடு கிறுக்கி அனுப்பலாம்.

கார்த்திகை 27, வியாழன்

புத்தகம் திரும்பி வந்துவிட்டது.

தபால்காரர் என் கையெழுத்து வாங்கும்போதே உறையைத் தடவித் தெரிந்துகொண்டேன். பிரிக்காமல் சோறு வடித்து, குழம்பு இறக்கி, வீ.கா.வுக்குப் போட்டு, பிறகுதான் பிரித்தேன். மூலைகள் மழுங்கியிருக்கின்றன. மழைப் பக்கத்தில் ஏதோ எண்ணெய்க் கை. பிள்ளை நிறையத்தான் புரட்டியிருக்கிறது. உள்ளே சாந்தி கடிதம். அப்படியே இதில் எழுதி வைக்கிறேன், காகிதம் தொலைந்துவிடும்.

"அன்புள்ள அத்தைக்கு சாந்தி எழுதுவது. மாமா நலமா. புத்தகம் வந்தது. கயல் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் படிக்கச் சொல்கிறாள். பாட்டு எல்லாம் மனப்பாடம். கல்யாணச் சேதி உங்களுக்கு வந்திருக்கும். நானே எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. திருப்பூரில் கயலையும் கூட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்கள். முதலில் வேண்டாம் என்றார்கள். அப்பா நாலு தரம் போய்ப் பேசினார். பழைய வீட்டு நினைப்பு பிள்ளைக்கு இருக்கக் கூடாது என்பது மட்டும் அவர்கள் சொல்வது. இந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து, அப்பா காரைக்குடியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், நாம் ஏன் போகவில்லை என்று கேட்கிறாள். அதைப் போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தபோதும் கேட்டுவிட்டாள். அதனால்தான் அனுப்புகிறேன், கோபப்படாதீர்கள்.

இன்னொன்று கேட்கிறேன் அத்தை. அவரை உயிரோடு வரைந்திருக்கிறீர்கள். சட்டை, மீசை எல்லாம் போட்டுச் சோறும் போட்டிருக்கிறீர்கள். பக்கத்தில் என்னை மட்டும் ஏன் வெறும் நெற்றியாக வரைந்தீர்கள்?"

எடுத்துப் பார்த்தேன்.

எனக்குப் பொட்டு இருக்கிறது. சிவப்பில், வட்டமாக. கயலுக்குக் கூடக் கறுப்பில் சின்னதாக ஒன்று. சாந்தி நெற்றி வெறுமை. தலையில் பூவும் இல்லை. பக்கத்திலேயே புருஷன் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

கார்த்திகை 28, வெள்ளி

தூறல். வேலை ஓடவில்லை.

வேண்டுமென்று செய்தேனா? இல்லை. மறந்தேனா? மறக்கிறவள் எனக்கு மட்டும் எப்படி வைத்தேன். அவளை நான் கடைசியாகப் பார்த்தது கருமாதி வாரத்தில். அந்த முகம்தான் என் கையில் நின்றது. மகனை விட்டுக்கொடுக்கவில்லை, அவனை எழுப்பி உட்கார வைத்துவிட்டேன். அவளை எழுப்பவில்லை. கட்டிக்கொள்ளட்டும் என்று ஊர் கேட்கச் சொன்னது இந்த வாய். வரைந்தது இந்தக் கை.

வீ.கா.விடம் காட்டினேன்.

"நீங்க அன்னைக்கே பாத்தீகள்ல?"

"பாத்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல!"

"சொன்னா நீ விடுவியா? கவிதை எழுதுறவகிட்ட டிக்கெட் செக் பண்றவன் என்னத்தச் சொல்றது."

"வெளையாடாதீக."

"வெளையாடலை. நீ தெரிஞ்சுதான் விட்டிருக்கேன்னு நெனைச்சேன்" என்றார். அதுதான் ரொம்பச் சுட்டது. முப்பத்தைந்து வருடம் கூட இருக்கிறவர், நான் அப்படிச் செய்யக்கூடியவள் என்று நினைத்திருக்கிறார்.

மார்கழி 1, திங்கள்

பனி. கோலம் போட்டேன். சின்னதாக.

ரெஜினா அம்மா பாட்டு கேட்டார். "மார்கழிக்கு நல்லதா ஒண்ணு குடுங்கம்மா, மனசுக்குத் தெம்பா." நானும் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம். வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி வருகிறது என்று எழுதியவள்தானே. ஒரு சொல் வரவில்லை. தலை வலி என்று சொல்லி எழுந்து வந்தேன். போன வாரப் பாட்டே பலகையில் கிடக்கிறது.

மார்கழி 4, வியாழன்

மருந்துக் கடைக்கு அடுத்த எஸ்.டி.டி. பூத்தில் இருந்து போன் செய்தேன். சாந்தி எதிர்வீட்டு நம்பர். கூப்பிட்டுவிடச் சொல்லி, வைத்து, மறுபடி போட்டேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். இரண்டு வருடம் கழித்து அவள் குரல்.

"அத்தை."

"ம்."

"மாமா நல்லா இருக்காகளா?" காரைக்குடிப் பேச்சு இன்னும் அவள் வாயில் இருக்கிறது.

"இருக்காக. சாந்தி, அந்தப் படம்... நான் தெரிஞ்சு செய்யலை."

"விடுங்க அத்தை. எழுதிட்டு நானே வருத்தப்பட்டேன்."

"வேற வரைஞ்சு அனுப்புறேன். ஒனக்குப் பொட்டு, பூ எல்லாம் வச்சு..."

பூத்தில் இருந்த மீட்டர் மட்டும் ஓடியது.

"வரைங்க. ஆனா படத்துல அவுக இருந்தா நான் கொண்டுபோக முடியாது அத்தை."

"அவுக இல்லாமன்னா?"

"நீங்க, மாமா, நான், கயலு. அப்படி வரைஞ்சு குடுத்தீங்கன்னா அதை நான் எங்கூடத் திருப்பூருக்கு எடுத்துட்டுப் போவேன். அப்பத்தா புத்தகம்னு சொல்லித்தான் படிச்சுக் காட்டுவேன். ஒங்கள அவ மறக்க மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு. அவுகளைப் பத்தி... பெருசானதும் நானே சொல்லிக்கிறேன்."

"பெருசானதும்னா எப்ப?"

"தெரியலை அத்தை. மொதல்ல அவ அங்க ஒட்டணும்."

வெளியே நின்றவர் கதவைத் தட்டினார். "சரி" என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்குச் சரி என்றேன் என்று தெரியவில்லை.

அவள் மேல் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும்.

மார்கழி 6, சனி

கடையில் தாள், பச்சை, நீலம் புதிதாக. வேம்பு, கொக்கு, மழை எல்லாம் மறுபடி. இந்தத் தடவை வேம்பு வேம்பு மாதிரியே வந்தது. வீ.கா. பக்கத்தில் வந்து நிற்கிறார், ஒன்றும் சொல்வதில்லை. முட்டைக்கோசு என்று சொன்னால் கூடத் தேவலை.

கடைசிப் பக்கம் தொடவில்லை.

பழைய புத்தகம் வீ.கா. தலையணைக்கு அடியில் இருக்கிறது. பாய் சுருட்டும்போது பார்த்தேன். பார்த்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

மார்கழி 9, செவ்வாய்

பகல் பூராவும் கடைசிப் பக்கம்.

அவனை வைத்து, அவளுக்குப் பொட்டும் வைத்தால் அதுதான் எங்கள் வீடு. அது இப்போது எங்கும் இல்லை, அனுப்பவும் முடியாது. அவனை எடுத்துவிட்டு அவளுக்குப் பொட்டு வைத்தால், அது திருப்பூர்க்காரர் வைத்த பொட்டு. நான் வரைய வேண்டும். சரி என்று போனில் சொன்னவள் நான்.

வரைந்தேன். அவளுக்கு முதலில் பொட்டு வைத்துவிட்டு அப்புறம் முகம் வரைந்தேன். மல்லிகைப் பூ. அழகாக வந்தாள்.

பாட்டை மாற்றினேன். அவன் போனால் பாட்டு நொண்டும், ஒரு இடத்தில் தடுக்கும் என்று நினைத்தேன். அந்தத் தடுக்கலாவது அவனுக்கு இருக்கட்டும் என்று ஆசை. தடுக்கவே இல்லை.

அய்யா ஒண்ணு, அப்பத்தா ரெண்டு,
அம்மா மூணு, அசைஞ்சு உக்காரு,
கயலு வந்தா நாலாச்சு,
கதவைச் சாத்து, மழையாச்சு!

சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். எத்தனை தரம் சொன்னாலும் சரியாகவே இருக்கிறது. ஒருத்தன் இல்லாமல் பாட்டு தன்னால் மூடிக்கொள்கிறது.

எல்லாம் முடித்துத் தள்ளி வைத்துப் பார்த்தால் அஞ்சு தட்டு. ஆள் நாலு. கை பழக்கத்தில் தட்டுகளை முதலிலேயே வரிசையாகப் போட்டுவிட்டிருக்கிறது. மெழுகு, அழிக்க வராது. சுரண்டினால் தாள் கிழியும். மறுபடி எல்லாவற்றையும் வரைய எனக்குத் தெம்பு இல்லை. காலியாகக் கிடந்த தட்டுக்கு முன்னால் ஒரு அணிலை உட்கார வைத்தேன். இரண்டு கையிலும் சோற்றுப் பருக்கை. 'அசைஞ்சு உக்காரு' என்பதை அடித்துவிட்டு 'அணிலும் சாப்பிடுது' என்று எழுதினேன். பொருத்தமாகப் போய்விட்டது.

வீ.கா. சாயங்காலம் பார்த்தார்.

"சாந்திக்குப் பொட்டு வச்சுட்ட."

"வச்சுட்டேன்."

"நல்லா இருக்கா." அப்புறம் விரலால் அணிலைத் தொட்டார். எடுக்கவில்லை. "இது இங்க எதுக்கு?"

"கேக்காதீக."

சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் போனார். பழைய ஆட்களோடு பேசிவிட்டு வருவார்.

மார்கழி 12, வெள்ளி

நாளை மறுநாள் திண்டுக்கல். தபாலில் அனுப்ப மாட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தரம் பிள்ளையைப் பார்த்துவிட வேண்டும். மறுபடி போன் போட்டேன், சாந்தி வரச் சொல்லிவிட்டாள்.

எடுத்துப் போக: புத்தகம். சீப்புச் சீடை (பிள்ளைக்குப் பிடிக்கும், பல் இருக்கிறதோ விழுந்துவிட்டதோ). சாந்திக்குச் சேலை ஒன்று, பச்சை. மஞ்சள், குங்குமம் வைத்துக் கொடுக்கலாமா, என் கையால் கொடுக்கலாமா? யாரிடம் கேட்பது.

"நீங்களும் வாங்க" என்றேன்.

"நீ போ. நான் வந்தா அங்குட்டு எதையாச்சும் பேசிப்புருவேன்."

வீ.கா. யாரையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அழுதுவிடுவார், அதுதான்.

மார்கழி 14, ஞாயிறு

போய் வந்தேன். கால் வீக்கம். வெந்நீர் வைத்துக்கொண்டேன். வீ.கா. "பிள்ளை எப்பிடி இருக்கு?" என்றார். "வளந்துட்டா" என்றேன்.

மார்கழி 15, திங்கள்

வெயில். குளிர் குறைவு.

பலகைக்கு ரெஜினா அம்மா வேறு யாரிடமோ பாட்டு வாங்கிவிட்டார். கேள்விப்பட்டேன். நல்லது.

நேற்று நடந்தது. திண்டுக்கல் வீட்டில் திருப்பூர் மாப்பிள்ளையின் அக்காவும் அவர் புருஷனும் வந்திருந்தார்கள். ஜாக்கெட் அளவு வாங்க வந்தவர்களாம். நான் வருவது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் வருவது எனக்கும் தெரியாது. சாந்தியின் அப்பா முகம் வெளுத்துவிட்டது. "ஒறவுக்கார அம்மா, காரைக்குடி" என்று மட்டும் சொன்னார். நானும் கும்பிட்டேன். சாந்தி காபி கொண்டுவந்தாள். நெற்றியில் ஒட்டுப் பொட்டு. கறுப்பு. நான் அதைப் பார்த்ததை அவள் பார்த்தாள்.

கயல் கதவுக்குப் பின்னால். இரட்டைச் சடை. கால் நீளம், அவன் கால். முன்பல் இரண்டு இல்லை.

"யாரு வந்திருக்காங்க பாரு" என்றாள் சாந்தி.

"வேம்பு அப்பத்தாவா?" என்றது பிள்ளை.

மறக்கவில்லை. இல்லை, முகத்தை மறந்துவிட்டது, புத்தகத்தை மறக்கவில்லை. பரவாயில்லை. மடியில் வந்து உட்கார்ந்துகொண்டது. தலையில் தேங்காய் எண்ணெய் மணம். புத்தகத்தை எடுத்தேன். மாப்பிள்ளையின் அக்கா "அட, நீங்களே வரைஞ்சதா? கொண்டாங்க பாப்போம்" என்று பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். நல்ல மாதிரியான பொம்பளை. பிள்ளைக்கு முடி ஒதுக்கிவிட்டார். அதையும் எழுத வேண்டும்.

வேம்புக்குக் கயலே பாடியது. கொக்குக்கும் பாடியது. மழைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து. அந்தக் கொஞ்ச நேரம் எனக்குப் போதும் என்று கூட நினைத்தேன்.

கடைசிப் பக்கம். கயல் விரலை மடக்கியது. "அய்யா ஒண்ணு, அப்பத்தா ரெண்டு, அப்பா மூ..." நின்றது. படத்தில் தேடியது. விரல் ஒவ்வொரு ஆளாகப் போய் அணிலில் நின்றது.

"அப்பத்தா, இது அப்பா தட்டு."

சாந்தி காபித் தம்ளரோடு வாசற்படியில் நிற்கிறாள். அவள் அப்பா என்னைப் பார்க்கிறார். மாப்பிள்ளையின் அக்கா கை பிள்ளை தலைமேலேயே நிற்கிறது.

"அப்பா தட்டுல அணிலு ஏன் சாப்பிடுது?"

"அது அணிலு தட்டுதான் ஆத்தா" என்றேன்.

"முன்னால அப்பா இருந்தாருல்ல?"

"இல்லையே. அணிலுதான் இருந்துச்சு."

பிள்ளை என் முகத்தையே பார்த்தது. "எப்பவுமா?"

"எப்பவும்."

சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு புதுப் பாட்டைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னது. சொல்லிக் கொடுத்தேன். இரண்டாவது தரத்திலேயே பிடித்துக்கொண்டது. கெட்டிக்காரி. மூன்றாவது தரம் விரலை மடக்கிச் சரியாக நாலு எண்ணியது. மாப்பிள்ளையின் அக்கா கை தட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது.